சாய்ந்த சீட்

பயணிகள் எல்லாரும் இறங்கிய பிறகும் டிரைவர் சீட்டை விட்டு அசையவில்லை. சட்டென்று எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றி, ஒரு காலை மெல்ல நகர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கீழே நின்ற கண்டக்டர் கை நீட்டினான்.

"என்னண்ணே, பிரசவ வலி மாதிரி முனகுறீங்க?"

"பொறந்தா மொதல்ல உனக்குத்தான்டா காட்டுவேன்."

அன்று சாயங்காலம் மனைவி அவரை விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் கேட்டது அவரிடம், பதில் சொன்னது அவள்.

"குப்புறப் படுத்துத்தான் தூங்குவாரு டாக்டர். டிவி முன்னாடி உக்காந்தா வளைஞ்சு சுருண்டு கெடப்பாரு. கேஸ் சிலிண்டர ஒத்தக் கையால தூக்குவாரு, பெரிய பயில்வான்னு நெனப்பு."

"எல்லாத்தையும் இங்கயே கொட்டிரு," என்றார் டிரைவர்.

டாக்டர் சிரித்துக்கொண்டே அவருடைய பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கச் சொன்னார். அது செங்கல் மாதிரி உப்பியிருந்தது. "நாள் பூரா இது மேல உக்காந்தா முதுகு எப்படி நேரா நிக்கும்?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வண்டியில சீட்டு எப்படி?" என்று கேட்டார்.

"அது கெடக்கு சார், ஒரு பக்கம் உக்காந்து போயி."

அதன்பின் வீட்டில் மனைவியின் ராஜ்ஜியம்தான். பர்ஸ் சட்டைப் பைக்கு ஏறியது. குப்புறப் படுப்பது நின்று, மல்லாந்து படுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வந்தது. சிலிண்டர் அருகே போனாலே, "முட்டிய மடக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அவரும் மறுபேச்சில்லாமல் மடக்கினார். காலையில் துள்ளி எழும் அளவுக்கு வலி விட்டது. ஆனால் வண்டியில் ஏறி இரண்டு டிரிப் அடித்ததும் பழைய குருடி கதைதான். சீட்டின் இடப்பக்க ஸ்பிரிங் அமுங்கிப் போயிருந்தது. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் இடுப்பைத் திருகித் திருகி மிதிக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் வண்டிச் சாவியை டெப்போ மேனேஜரின் மேசைமேல் வைத்தார்.

"சார், டாக்டர் சொன்ன பழக்கம் எல்லாத்தையும் விட்டுட்டேன். மிச்சம் இருக்குறது உங்க சீட்டுதான்."

"இத்தன வருஷமா அதுலதான ஓட்டுனீங்க? பழகியிருக்குமே."

"அந்தப் பழக்கத்தத்தான் சார் விடச் சொல்றாரு."

வெளியே நின்ற கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டான். மேனேஜர் மிரட்டிப் பார்த்தார், குழைந்து பார்த்தார். டிரைவர் வாசல் பெஞ்சில் காலை ஊன்றி, முதுகை நேராக வைத்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்து, மேனேஜரின் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. கடைசியில் மெக்கானிக், டெப்போ ஸ்டோரிலிருந்து ஒரு புது சீட்டைத் தூக்கி வந்து மாட்டினார்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் சாலை தெரியவில்லை, வண்டியின் தரைதான் தெரிந்தது. இத்தனை நாள் எவ்வளவு கூனிக் கிடந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியை மேலே திருப்பி வைத்தார். அன்று ஹாரனே பாட்டுப் போல் ஒலித்தது. டிரிப் முடிந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். "மாப்பிள்ள மாதிரி நிமிந்து உக்காந்திருக்கேன்டி!"

சாயங்காலம் டெப்போவில் யார் கையையும் பிடிக்காமல் குதித்து இறங்கினார். பக்கத்து வண்டியில் மெக்கானிக் குனிந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டிருந்தது அவருடைய பழைய சீட்.

"அதத் தூக்கிப் போடலயா?"

"இந்த வண்டி சீட்டு கிழிஞ்சே போச்சு. ஸ்டோர்ல வேற இல்ல," என்றார் மெக்கானிக். "மேனேஜர்தான் மாட்டச் சொன்னாரு. இந்த வண்டி டிரைவர் புதுசு, வாயத் தொறக்க மாட்டாருன்னு."

"நானும் கூட வரேன், மேனேஜர்கிட்ட கேளு தம்பி," என்றார் டிரைவர், பக்கத்தில் நின்ற அந்த இளம் டிரைவரிடம்.

போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். "வேணாம்ணே, இன்னும் பர்மனென்ட் ஆகல," என்று சொல்லிவிட்டுத் துண்டை நாலாக மடித்து, இடப்பக்கம் செருகி, ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது. கேட்டைத் தாண்டித் திரும்பும்போது, அவனுடைய ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருந்தது.