விமானம் மறைவதற்குள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் என் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பத்மநாபனுடையது. அவர் மனைவி மஹதி சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘பேராசைக்காரனான பத்மநாபன்…’

இல்லை. பேராசைக்காரர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆபத்துக்கு விலை போடுகிற வேலை அவருக்கு.

2

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். போன் திரையில் ஒரு விமானம் ஏறும். ஏற ஏற, கட்டிய பணம் ஒன்றரை மடங்கு, இரண்டு, ஐந்து என்று பெருகும். அது மறைவதற்குள் பட்டனை அழுத்தினால் பணம் நமக்கு. இல்லாவிட்டால் போச்சு.

“சுத்த ரேண்டம் சார்,” என்று எனக்கு விளக்கியவரே பத்மநாபன்தான். “வரிசையா சீக்கிரமே மறைஞ்சா அடுத்த தடவை உயரமாப் போகும்னு நினைக்கிறாங்க. அதுக்கு ஞாபகமே கிடையாது.”

“அப்புறம் ஏன் ஆடுறீங்க?”

“நான் சின்னதா எடுத்துட்டு வெளிய வந்துடுவேன்.”

(சின்னச் சின்னதாய்ப் பல நாள் வந்ததை ஒரே ஆட்டம் விழுங்கிவிடும். இதையும் அவரேதான் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் ஆடினார் என்று நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை. தெரியும் என்பதே தைரியம் கொடுத்ததோ என்னவோ.)

3

திருச்சியில் மஹதியின் அப்பா ஐசியுவில். பெண் ஹர்ஷினியோடு மூவரும் ஏர்போர்ட் போனார்கள். இமிக்ரேஷனில் மஹதியையும் குழந்தையையும் விட்டார்கள். பத்மநாபனை நிறுத்தினார்கள். ஆட்டத்துக்காக பேங்கில் வாங்கிய கடனைக் கட்டாததால் கேஸ், நாட்டைவிட்டுப் போகத் தடை. மஹதிக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“கணக்கு சரியாத்தான் போட்டேன், மஹதி.”

“அப்பா, யூ ஆர் நாட் கமிங்?”

“நீங்க போங்கம்மா. ஃபிளைட் போயிடும்.”

‘அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்’ என்று எழுதியிருந்தேன். மஹதி திருத்தினாள். “பார்த்தேன் அண்ணா. அவர் போனைப் பார்த்துட்டிருந்தார்.”

அவள் திருச்சியில் இறங்குவதற்கு முன்பே அவள் அப்பாவின் உயிர் போய்விட்டது.

4

முடிவு ஒன்று: விமானம் நூறு மடங்கு ஏறுகிறது, கடன் தீர்கிறது. நடக்கவே நடக்காது என்றில்லை. அதுதான் பயம். இதைப் படித்துவிட்டு யாராவது ஆட உட்கார்ந்துவிடுவார்கள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மஹதி திரும்பி வருகிறாள், பத்மநாபன் அவள் கையைப்…

நேற்று திருச்சியிலிருந்து மஹதியே போனில் கூப்பிட்டாள். “ஹர்ஷினியை இங்கேயே ஸ்கூல்ல சேர்த்துட்டேன்.” அப்புறம், “கதையிலயாவது அவர் நிறுத்திட்ட மாதிரி எழுதிடுங்களேன் அண்ணா.”

எதிர் ஃபிளாட் மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்தார். வாரக்கணக்கில் சவரம் செய்யாத முகம்.

“விட்டுட்டேன் சார்,” என்றார், நான் வாயைத் திறப்பதற்குள். பிறகு, “மஹதி ஏதாவது கேட்டாளா?”

“கேட்டாள்.”

தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வந்து எழுதினேன்: ‘தனியாக உட்கார்ந்திருந்த பத்மநாபன் போனை’

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘எடுத்தார்’ என்று நான் போட்டால் மஹதிக்குத் துரோகம், ‘கீழே வைத்தார்’ என்று போட்டால் கதைக்குப் பொய். நீங்கள் போடுங்கள்.