புகை சாய்ந்த பக்கம்

புகை சாய்கிறது, இப்போதும் கண்ணை மூடினால் முதலில் அதுதான் வருகிறது, நேராக நின்ற புகை, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினதுபோல் மலைச்சரிவின் பக்கமாகச் சாய்கிறது, நான் எதிர்மலைச் சாலையில் ஜீப்பை ஒட்டி நிற்கிறேன், ஒரு கையில் வாக்கி டாக்கி, மறு கையில் காற்றின் வேகம் காட்டும் கருவி, அதில் மணிக்கு ஆறு கிலோமீட்டர், வெறும் ஆறு, தீ எரிகிற வறண்ட ஓடைக்கு நேர்மேலே உச்சிப்பாறையில் என் வீட்டுக்காரர் குணாளனும் வனக்காவலர்களும், காலையிலிருந்து தழைகளால் அடித்து அடித்துத் தீயணைத்த களைப்பில் இருக்கிறார்கள், என்னம்மா அப்படிப் பாக்குறீங்க, காத்துதான் அடங்கிப்போச்சே, என்கிறார் டிரைவர் சௌந்தரபாண்டி, அடங்கித்தான் போச்சு, ஆனால் காற்றே இல்லாதபோது புகை எதற்குச் சாய வேண்டும்.

இருபது வருடமாக நானும் அவரும் நெருப்பைத்தான் படிக்கிறோம், உலகத்தில் வேறு படிப்பே இல்லையாடி என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், காய்ந்த சருகை எடை போட்டு, ஈரம் பார்த்து, தகரக் கூண்டுக்குள் மின்விசிறி வைத்து எரித்து, காட்டுத்தீ எந்தச் சரிவில் எந்த வேகத்தில் ஓடும், எங்கே நின்று அதை மறிக்கலாம் என்று கணக்குப் போடுகிற பிழைப்பு, அந்தக் கூண்டுக்கு முன்னால் சண்டை போட்டுப் போட்டுத்தான் ஒருவருக்கு ஒருவரைப் பிடித்துப்போனது, கல்யாண மேடையில் ஓமத்தீ சாய்ந்ததைப் பார்த்து நாற்பத்தைந்து டிகிரி என்று நான் முணுமுணுக்க, இல்லை அறுபது என்றார் மாப்பிள்ளை, நாற்பத்தைந்துதான், அறுபதுடி, ரெண்டு பேரும் மொதல்ல மந்திரத்தைச் சொல்லுங்கோ என்று ஐயர் அதட்டினார், இந்த மனுஷன் இருக்கிறாரே, அளக்காத எதையும் நம்பமாட்டார், குறுகிய ஓடைக்குள் நெருப்பு சரிவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் அதற்குக் காற்றே வேண்டாம், தானாகவே மேலே பாயும், ஒருமுறை என் கண்ணால் பார்த்தேன் என்று எத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியிருப்பேன், பாத்தேன்னா ஆச்சா, அளந்தியா, நம்பரைக் கொண்டா, என்பார், கருத்தரங்கில் நாலு பேர் முன்னாலும் அப்படித்தான் கேட்டார், ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை, ஆனால் நம்பரில் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அது அவருக்கும் தெரியும்.

சார், உடனே இறங்குங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு இடப்பக்கம் காலையில எரிஞ்சு கிடக்கிற இடத்துக்குப் போயிடுங்க, என்கிறேன் வாக்கி டாக்கியில், எரிந்த இடம் மறுபடி எரியாது, இந்த மலையில் இப்போது அதுதான் பத்திரம், எல்லாருக்கும் கேட்கும் என்பதால் அதில் அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம், அவர் நிதானமாகப் பேசுகிறார், அங்க போகணும்னா தீயை நோக்கி இறங்கணும் மேடம், பாறை பத்திரமாத்தான் இருக்கு, எல்லாரையும் இங்கேயே உட்காரச் சொல்லியிருக்கேன், புகை சாயுது சார் என்கிறேன், சாயட்டும், கருவி என்ன காட்டுது, என்கிறார், பாழாய்ப்போன ஆறு, ஆறு என்று சொன்னால் ஆற அமர உட்கார்ந்துவிடுவார், நான் நினைப்பது தப்பாக இருந்தால் இத்தனை பேரையும் நெருப்பின் வாயில் நானே கொண்டுபோய்த் தள்ளினவள் ஆவேன், இருபத்தெட்டு என்கிறேன், இருபத்தெட்டா, நல்லாப் பாரு, என்கிறார், மேடம் என்ற பேச்சு போய்விட்டது, இருபத்தெட்டுங்க, இன்னும் ஏறுது, என்னங்க, இப்ப வாதம் பண்ணாதீங்க, உங்க கால்ல விழறேன், இறங்குங்க, சௌந்தரபாண்டி கருவியைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார், வாக்கி டாக்கியில், சரி, எல்லாரும் எந்திரிங்க, என்று அவர் அங்கே சொல்வது கேட்கிறது, பாறையிலிருந்து காக்கிச் சட்டைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, தீப்பக்கமாக, புகைக்குள், அப்புறம் ஒருவரும் தெரியவில்லை, சார், சார் என்கிறேன், என்னங்க என்கிறேன், மறுபடி பொத்தானை அழுத்துகிறேன், கருவி இன்னும் ஆறுதான் காட்டுகிறது, ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன், என்னை நம்பி இறங்கினாரே, அப்போது ஓடை அடியிலிருந்து உச்சிவரைக்கும் ஒரே மூச்சில் பற்றுகிறது.

இடப்பக்கக் கருகலிலிருந்து அவர்கள் வெளியே வருகிறார்கள், தலைதலையாக எண்ணுகிறேன், எண்ண முடியாமல் மறுபடி எண்ணுகிறேன், ஒருத்தரும் குறையவில்லை, சுற்றிவந்து சாலையில் ஏறியதும் அவர் சௌந்தரபாண்டி நீட்டின தண்ணீரை வாங்காமல் நேரே என்னிடம் வருகிறார், முகமெல்லாம் கரி, புருவம் பொசுங்கியிருக்கிறது, என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கிப் பார்க்கிறார், ஆறுதானே காட்டுது, என்கிறார், ஆமா, பொய்தான் சொன்னேன், இப்ப என்னங்கறீங்க, அதுக்கும் சண்டைக்கு வரீங்களா, என்று எல்லார் முன்னாலும் கத்துகிறேன், கத்தும்போதே அழுகை வந்துவிடுகிறது, அவர் சண்டைக்கு வரவில்லை, புகை சாஞ்சதை எங்க நின்னு பாத்த, என்கிறார், இங்கதான் என்கிறேன், என் தோளை ஒட்டி வந்து நிற்கிறார், இரண்டு பேரும் பார்க்கிறோம், புகை சரிவோடு சரிவாகப் படுத்துக் கிடக்கிறது, அதன் நுனியில் உச்சிப்பாறையையே காணோம், பாறை இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் நெருப்பு நிற்கிறது, அங்கதான்டி எல்லாரையும் உட்காரச் சொன்னேன், என்கிறார், திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார், நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.