கூம்பாவுக்கு அழுத்தம் ஏறவில்லை

கூம்பா லிக்கு இரத்த அழுத்தம் ஏறவே இல்லை. நஃபி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செனகலின் தலைநகர் டக்காரின் மதிய வெயிலில் பாலைப் புழுதி மெல்ல மிதந்து வந்து ஆய்வறைக் கண்ணாடியில் படிந்தது. திரையில் கோடு, காற்றில்லாத கடல்போலப் படுத்துக் கிடந்தது.

கவலைப்படும் சுபாவக்காரர்களின் உடம்பு மன நெருக்கடியில் அதிகம் முறுக்கேறும் என்பதுதான் நஃபியின் ஆய்வு. முறை எளிது. கையில் பட்டையைச் சுற்றி, ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். எதிரே ஒருவர் கடுகடுவென்று பிழை பிடிப்பார். மூளை ஆபத்து என்றதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். இதயம் வேகமெடுக்கும், இரத்தக்குழாய்கள் இறுகும், எண் ஏறும்.

கூம்பாவோ, கதவைப் பூட்டினோமா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவள். அவளைப்போல இன்னும் சிலருக்கும் எண் ஏறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆய்வைக் கைவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

சோதனை முடிந்து கூம்பா வெளியே போனதும் பேச்சுக் குரல் கேட்டது. பிழை பிடிக்கும் வாலி சேன். கல்முகம் என்பதற்காகவே நஃபி தேர்ந்தெடுத்தவன்.

"உங்க ஆளுங்களுக்கு மாட்டை எண்ணத்தான் வரும்," என்றான் கூம்பாவிடம்.

"எங்க வீட்டு அடிமைக்கு வாய் நீண்டுபோச்சு," என்றாள் கூம்பா. "சோத்தைக் கண்டா எல்லாம் மறந்துடற செரேர், நீ எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியா?"

நஃபி எழுந்து போனாள். "கூம்பா, உள்ள இவன் அதட்டினப்போ பயமா இல்லையா?"

"இவனுக்கா? சட்டையில சேன்னு பேரைப் பார்த்தேன்க்கா. சிரிப்பை அடக்கறதுதான் பெரும்பாடா இருந்துச்சு."

சேன் என்றால் செரேர் இனம், லி என்றால் மாடு மேய்க்கும் ஃபூலா இனம்; இரண்டு இனத்தாரும் கேலி முறைக்காரர்கள். எவ்வளவு ஏசிக்கொண்டாலும் கோபப்படக் கூடாது. பிறந்தது முதல் மூச்சைப்போல இழுத்த வழக்கம், அதனாலேயே நஃபியின் கண்ணில் படவில்லை. ஆபத்தா என்று மனம் கேட்பதற்கு முன்பே, யார் என்று உடம்பு கேட்டுவிடுகிறது. கோடு ஏறாதவர்களின் பெயர்களைப் பார்த்தாள். எல்லாம் ஃபூலாப் பெயர்கள்.

மறுநாள் வாலியின் நாற்காலியில் நஃபியே உட்கார்ந்தாள். அவள் கெய் குடும்பம். லி வீட்டாரோடு கேலி முறை கிடையாது. கூம்பாவுக்குக் கழிக்கப் புது எண் கொடுத்தாள்.

"தப்பு. முதல்லேருந்து சொல்லு."

கூம்பாவின் உதடு உலர்ந்தது. கோடு, தூக்கம் கலைந்த அலையாக நிதானமாக எழுந்தது. நஃபி வாலியிடம் சொன்னாள்: "இனிமே உட்கார வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரோட குடும்பப் பேரையும் பாரு. கேலி முறையா இருந்தா ஆளை மாத்திடு."