மாவு சிந்தாமல் தூக்கிய வீடு

திருமுல்லைவாயிலில் ஒரு முழு வீட்டை, உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்த மனைவியோடு சேர்த்து, ஒற்றை ஆளாக ஆறு அங்குலம் தூக்கியவன் நான். கிரைண்டர் நிற்கவில்லை. மாவு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சமையலறை ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த பூனை புரண்டுகூடப் படுக்கவில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே தேவாவின் டீக்கடையில் இதைச் சொன்னபோது, தேவா டீயை ஆற்றிக்கொண்டே, "நைனா, நீ தூக்கினா தெருவையே தூக்குவ. ஆறு இஞ்சுன்னு கம்மியா சொல்றியே, அதான் கொஞ்சம் இடிக்குது" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே அதை வேறு ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பேச்சுக்கு அந்த ராசி உண்டு. தெருவில் கடைசிவரை அதற்குத் தலையாட்டாதவர் ஒருவர்தான், பக்கத்து வீட்டு சிவராமன்.

ஆவடி டேங்க் ஃபாக்டரியில் நானும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டி மனை வாங்கினோம். அதற்குப் பிறகு எது நடந்தாலும் அவருக்கு மட்டுமே நடந்தது. பூந்தமல்லிக்கு மெட்ரோ என்று பேப்பரில் போட்டால், சென்னீர்குப்பத்தில் என்றைக்கோ அவர் வாங்கிப் போட்ட மனை மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஏஐ என்று போட்டால் அவர் மகன் லோகேஷ் அந்தக் கம்பெனியில்தான் இருப்பான். செய்தித்தாளைத் திறந்தால் சிவராமன் வீட்டு விசேஷம் மாதிரி இருக்கும். ஆகவே செய்திகளை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

தினமும் காலை டீக்கடையில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகக் கிழிப்பேன். "பத்தாயிரம் கோடி முதலீடாம். கையெழுத்துப் போட்ட பேனாவை வித்தவனுக்கு மட்டும் வேலை கெடைக்கும்." "பத்து நிமிஷத்துல கொத்தமல்லி வீட்டுக்கு வருமாம். எங்க தெருமுனைத் தண்ணியைத் தாண்டவே அந்தத் தம்பிக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆவும்." "ஏஐ-க்கு எல்லாம் தெரியுமாம். எங்க தெருவுக்கு ரோடு எத்தனை தடவை போட்டாங்கன்னு கேட்டுப் பாரு, மூச்சு விடாது."

மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டார்கள். முதல் ரோட்டில் என் வாசற்படிகள் இரண்டும் போயின. இரண்டாவதில் வாசல் ரோட்டுக்குச் சமமானது. மூன்றாவதில், வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறிப் போகிறவன் ஆனேன். ஐப்பசி பிறந்தால் ரோட்டுத் தண்ணீர் நேராகச் சமையலறைக்குப் போய்க் கஸ்தூரியிடம் சௌக்கியம் விசாரிக்கும்.

சிவராமன் போன வருஷமே தப்பித்துவிட்டார். அஸ்திவாரத்துக்குக் கீழே ஜாக்கிகளைக் கொடுத்து வீட்டை அப்படியே நாலடி தூக்கிவிட்டார். இந்தப் பக்கம் இப்போது அதுதான் வழக்கம். தெருவுக்கு ஒரு வீடாவது லாரி டயர் மாற்றுகிற மாதிரி ஜாக்கிமேல் நிற்கும். அதன் பிறகு அவர் சிட்-அவுட்டில் உட்கார்ந்து காபி குடித்தால், என் வழுக்கை அவருக்கு நேர் கீழே இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்த்துக்கொண்டே காபி குடிப்பார், அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியவில்லை.

கஸ்தூரி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "இன்னொரு மழைக்கு ஸ்டூல் மேல நின்னு சமைக்க மாட்டேன். தீபிகாகிட்டப் போயிடுவேன். போனா திரும்ப வரமாட்டேன். நீங்க இந்த வீட்டை, இடிச்சு ஃப்ளாட் கட்டக் கேட்டுக்கிட்டிருக்கிற அந்த பில்டருக்கே குடுத்துடுங்க."

மகள் தீபிகாவுக்குப் பூந்தமல்லியில் ஆறாவது மாடியில் ஃப்ளாட். நல்ல பெண், நல்ல ஃப்ளாட். ஆனால் அங்கே எனக்கு உள்ள இடம் சோபாவின் ஓரம் ஒன்றரை அடி. இங்கே, என் கையால் தண்ணீர் ஊற்றி இறுகவைத்த சுவர்கள் இருக்கின்றன. கஸ்தூரி போய்விட்டால் நானும் போய்த்தான் ஆகவேண்டும். கஸ்தூரி இல்லாமல் வீடு எதற்கு?

சிவராமன் வீட்டைத் தூக்கிய செல்வகுமாரையே கூப்பிட்டேன்.

"அவர் வீடு எவ்வளவு?"

"நாலடி சார்."

"எனக்கு நாலடி ஒரு அங்குலம்."

"அந்த ஒரு இஞ்சு எதுக்கு சார்?"

"மழைக்கு."

செல்வகுமார் பக்கத்து சிட்-அவுட்டை ஒரு தடவை பார்த்தான். பிழைக்கத் தெரிந்தவன். "சார், இப்ப புதுசா சென்சார் வந்து கீது. தரையில நாலு மூலைலயும் ஒட்டிட்டா, எந்த மூலை எவ்ளோ ஏறணும்னு ஏஐ-யே டேப்லெட்ல சொல்லிடும்" என்றான்.

"சிவராமன் வீட்டுக்கு அது இருந்துதா?"

"அப்ப வரல சார்."

"போடு."

வருஷக்கணக்காக டீக்கடையில் ஏஐ-யைக் கிழித்துத் தொங்கவிட்டவன் நான். பொறாமை வந்தால் கொள்கை எல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. ஆனாலும் முழுசாக நம்பிவிடவில்லை. ஃபாக்டரியில் முப்பத்து நாலு வருஷம் ஆய்வுப் பிரிவு. தூக்க ஆரம்பிக்கும் முன்பே ட்யூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, வெளிச்சுவரில் நாலு மூலையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

தூக்குகிற விதம் எளிது. வீட்டைச் சுற்றி இருபது பேர், ஆளுக்குச் சில ஜாக்கிகள். செல்வகுமார் ஒரு விசில் அடித்தால் எல்லோரும் சேர்ந்து கால் சுற்றுத் திருப்புவார்கள். வீடு மூன்று மில்லிமீட்டர் ஏறும். விசில் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு வாரம் அப்படியே ஏறிக்கொண்டிருந்தது. கடைசி ஆறு அங்குலம் பாக்கி இருந்த அன்று காலைதான் சென்சார் வந்தது. கஸ்தூரி வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஆட்களுக்கு மறுநாள் இட்லி போடவேண்டும் என்று கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

டேப்லெட்டைப் பார்த்துச் செல்வகுமார் பதறினான். "சார், வடகிழக்கு மூலை இருவத்தஞ்சு மில்லி எறங்கி கீது. அத்த மட்டும் ஏத்தணும்."

"ஏத்தாதே. அது ஈசானிய மூலை. தண்ணி ஓடறதுக்கு நான்தான் ஒரு அங்குலம் வாட்டம் விட்டுத் தரை போட்டேன். கட்டின நாள்ல இருந்து அப்படித்தான்."

"மெஷினு தப்பு சொல்லாது சார்."

வாட்டம் விட்டுத் தரை போடுகிற ஊரில் பிறக்காத மெஷின். அதற்கு எங்கே தெரியும்? செல்வகுமார் அந்த மூலை ஆட்களுக்கு மட்டும் இரண்டு விசில் அடித்தான். சமையலறை ஜன்னலுக்கு மேலே 'டிக்' என்று ஒரு சத்தம். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். செல்வகுமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சென்சார் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். காத்திருக்கச் சொல்லி ஒரு இயந்திரக் குரல் வந்தது. சிக்னல் தேடித் தெருமுனைவரை போய்விட்டான்.

வீடு ஒரு மூலை தூக்கினபடி நின்றது. இருபது பேரும் என்னையே பார்த்தார்கள். செல்வகுமாரின் விசில் நாற்காலியில் கிடந்தது. எடுத்தேன். ஈசானிய மூலையை இரண்டு விசிலில் பழையபடி இறக்கினேன். ட்யூபைப் பிடித்து என் பென்சில் கோடுகளோடு ஒத்துப் பார்த்தேன். நாலும் ஒரே மட்டம். அப்புறம் விசிலுக்கு விசில் மட்டம் பார்த்து, ஒரே சீராக ஏற்றினேன். சொக்காய் நனைந்து பனியன் நனைந்து, வேட்டியைப் பிழிந்தால் ஒரு குடம் வந்திருக்கும். லைன் கிடைத்துச் செல்வகுமார் மதியத்துக்கு மேல் திரும்பி வந்தபோது வீடு ஏறி முடிந்திருந்தது. டேப்லெட்டில் இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கஸ்தூரி மாவை வழித்தபடி வெளியே எட்டிப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. கம்பெனிக்குப் பயந்துகொண்டு செல்வகுமார், மெஷின் சொன்னபடிதான் தூக்கினோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இருபது பேரையும் அடுத்த ஊர் வேலைக்குக் கூட்டிப் போய்விட்டான். நான் சொன்னதைக் கஸ்தூரி, நான் அளக்கிற கதைகளோடு சேர்த்து வைத்துவிட்டாள்.

பால் காய்ச்சின அன்று சிவராமன் வந்தார். படி ஏறினார். என் வாசலில் நின்று தன் சிட்-அவுட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு அங்குலம்," என்றேன்.

அவர் வாசற்படியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடத்தில் வைத்தார். அது மெதுவாக உருண்டு ஈசானிய மூலையில் போய் நின்றது.

"மட்டம் இல்லம்மா" என்றார் கஸ்தூரியிடம்.

சிவராமன் பொய் சொல்ல மாட்டார். பாதி சொல்வார். கஸ்தூரி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், ஜன்னல் விரிசலைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வீடு சாய்ந்துகொண்டே இருந்தது. "செல்வகுமார் ஃபோன்ல இருந்தார். யாரும் பார்க்காமத் தூக்கிட்டாங்க. தூங்கும்போது விழும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விசில் அடித்த கதையை ஆறு விதமாகச் சொன்னேன். ஆறாவது விதத்தில் காற்று வேறு அடித்தது. அதுதான் வினையாகிவிட்டது.

"சிவராமன் அண்ணன் அன்னைக்கு முழுக்க சிட்-அவுட்லதான் இருந்தார். அவர் சொல்லட்டும், நம்பறேன்."

சிவராமன் சொன்னார்: "நான் பேப்பர் படிச்சிக்கிட்டிருந்தேன்மா."

அடுத்த ஞாயிறு காலை கஸ்தூரி பெட்டியோடு வாசலில் நின்றாள். தீபிகா கார் அனுப்பியிருந்தாள். பில்டர் மறுநாள் வருவதாக இருந்தது. சிவராமன் தன் சிட்-அவுட்டில் பேப்பரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக, கூட்டிச் சொல்லத் தோன்றவில்லை, குறைத்துச் சொன்னால் நம்புவாளோ என்று தோன்றியது.

"கஸ்தூரி, கேளு. ஆறு அங்குலம்னு சொன்னதெல்லாம் அளப்பு. ஒண்ணேகால் அங்குலம் இருக்கும். பத்து விசில் அடிச்சிருப்பேன். ஆனா அடிச்சேன். மட்டம் பார்த்துத்தான் அடிச்சேன். அவரோட சிட்-அவுட்டைப் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சுதான் இந்த ஒரு அங்குலமே கேட்டேன். அது நெஜம். பத்து விசிலும் நெஜம்."

பக்கத்தில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. சிவராமன் ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் ஆள். இருப்பில் ஒரு வாஷர் குறைந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போக மாட்டார். கணக்கு தப்பாக ஒன்று காதில் விழுந்தால் அவருக்கு உடம்பே கூசும்.

"பத்தா?" என்றார்.

நான் திரும்பவில்லை. கஸ்தூரி திரும்பினாள்.

"பத்துன்னு எவன் சொன்னது, ராஜசேகர்? வாயைத் தொறந்தா ஒன்னு கூட்டிச் சொல்றே, இல்ல கொறச்சிச் சொல்றே." எழுந்து கைப்பிடிச் சுவர்வரை வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் தாடை அசைந்துகொண்டிருந்தது. என் வாசலைப் பார்த்தார், அந்த ஒரு அங்குலத்தைப் பார்த்தார். பிறகு கஸ்தூரியின் பெட்டியைப் பார்த்தார்.

"எறக்கினது ரெண்டு விசில்மா, ஈசானிய மூலை மட்டும். அதுக்கப்புறம் ஏத்தினது அம்பது. ஒவ்வொன்னுக்கும் நடுவுல ட்யூப் பிடிச்சுக்கிட்டு நாலு மூலைக்கும் ஓடினான், நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். மூணு மில்லி வீதம் நூத்தம்பது. ஆறு அங்குலத்துக்கு ரெண்டு மில்லிதான் கொறச்சல்."