கொள்ளுச்செடி மேல் இருபது மீட்டர்

1

"நாப்பதுலதான் வந்தேன்னு சொல்லீட்டே இருக்கறேன்—"

"நாப்பதுல வந்த வண்டி இத்தனை தூரம் இழுத்துட்டுப் போகுமாங்க? முள்ளே ஆடாத வண்டியில—"

"முள்ளு ஆடாட்டி என்ன, இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"சத்தத்த வெச்சு ஸ்பீடு சொல்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க."

இந்த நான்கு வரிகள் மட்டுமே எனக்கு இனாமாகக் கிடைத்தவை. தொண்ணூற்றைந்தாம் வருஷம் தை மாதம், காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில், பின்சீட்டிலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை குரலாகத்தான் வரும். முகத்தைப் பார்த்துவிட்டால் குரல் நின்றுபோகும். காரைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் ஏன் பஸ்ஸில் வருகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(பஸ்ஸில் வந்ததை வைத்து முடிவை இப்போதே ஊகித்துவிடாதீர்கள். டயர் பஞ்சராகக்கூட இருந்திருக்கலாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலை நீலமாக விரிந்து கிடந்த அந்தக் காலையில்...'

அடித்துவிட்டேன். இவர்கள் மலையைப் பார்க்கவில்லை.

இரண்டாவது: 'கிருபாவதி பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவள்.' இது இருக்கட்டும். அவள் கணவன் ஞானாபரணம் பம்ப் கம்பெனியில் பிட்டர். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய பத்மினி கார் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதில் போய் இறங்குவதை வாழ்வின் பெரிய பாக்கியமாக நினைக்கிறவன். வண்டியின் ஸ்பீடாமீட்டர் முள் சைபரைவிட்டு எழுந்ததே இல்லை.

கிருபாவதியின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய் விழுந்து ஒரு வருஷம் படுக்கையில் கிடந்தவர். அதனால் கார் வாங்கும்போதே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். நாற்பத்தைந்தைத் தாண்டினால் வண்டியைப் பக்கத்து வீட்டு உமர் பாரூக்குக்கு விற்றுவிட வேண்டும். அவன் சரியென்று தலையில் கைவைத்துச் சொன்னான். அவன் தலையில் இல்லை, அவள் தலையில்.

3

தொண்டாமுத்தூரில் ஒரு புது வீட்டு ஜெபம். போகிற வழியில், மாசாணியம்மாள் என்கிற அம்மாள் தார்ச்சாலையில் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தாள். அந்தப் பக்கத்தில் அதுதான் களம். போகிற வருகிற வண்டிகள் மிதித்தே மணி உதிர்ந்துவிடும். அவள் குவித்து வைத்திருந்த போருக்கு ஒரு முழம் முன்னால் கார் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

[இங்கே ஓர் ஆடு அடிபடுவதாக எழுதியிருந்தேன். ஆட்டை எழுப்பி அனுப்பிவிட்டேன். இந்தச் சண்டைக்கு ரத்தம் வேண்டியதில்லை.]

காருக்குள்ளேயே பத்து நிமிஷம் சண்டை. இடையில் ஒரு பஸ்ஸும் லாரியும் தாண்டிப் போயின. பிறகு கிருபாவதி இறங்கி, டயர் எங்கிருந்து கிறீச்சிட்டது என்று மாசாணியம்மாளைக் கேட்டாள். அவள் புளியமரத்தைக் காட்டினாள். கைப்பையில் இருந்த தையல் டேப்பால் அளந்தபோது மரத்திலிருந்து கார்வரை சரியாக இருபது மீட்டர்.

ஜெபத்துக்கான அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்கு ஏறியது. காய்ந்த தாரில் உராய்வு எண் புள்ளி ஏழு. அப்படியானால் பிரேக் போட்ட வண்டியின் எதிர் முடுக்கம் ஏழு. வேகத்தின் வர்க்கம், இரண்டு தரம் ஏழு தரம் இருபது: இருநூற்றெண்பது. வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்குப் பதினேழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது மணிக்கு அறுபது கிலோமீட்டர்.

ஞானாபரணம், வண்டியில் இரண்டே பேர், கனமில்லாத வண்டி வழுக்கத்தான் செய்யும் என்று வாதாடிப் பார்த்தான்.

"கனத்துக்கு இதுல வேலையே இல்லீங்க. கனம் கூடுனா பிடிப்பும் கூடும். ரெண்டும் கழிஞ்சு போயிரும்."

4

மாசாணியம்மாளை நான் முதலில் வெறுமனே நிறுத்தி வைத்திருந்தேன், போருக்குக் காவலாக. அவள் கேட்கவில்லை.

"ஏனுங் அம்மணி, ரோட்டுக்குக் கணக்குப் போட்டீங்களா, எஞ்செடிக்குப் போட்டீங்களா? நானே இதுல ரெண்டு தடவை வழுக்கி உழுந்து போட்டேன்."

ஞானாபரணத்தின் முகம் மலர்ந்ததை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அவன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினான். மாசாணியம்மாள் தக்காளி நிறுக்கிற ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்தாள். தூக்கி நிறுத்தால் சக்கரம் பதினான்கு கிலோ. வெறும் தாரில் படுக்கப் போட்டு இழுத்தால் முள் பத்தில் நின்றது. கொள்ளுச்செடி மேல் இழுத்தால் ஐந்து.

(படுக்கப் போட்ட சக்கரமும் ஓடுகிற சக்கரமும் ஒன்றா என்று கேட்கிற வாசகருக்கு: இல்லை. ஆனால் கிருபாவதிக்கு அவளுடைய கணவனைச் சோதிக்க அது போதும்.)

பிடிப்பு பாதி. முடுக்கமும் பாதி, மூன்றரை. புதிய கணக்கில் வேகம் நாற்பத்திரண்டரை. ஞானாபரணம் விசிலடித்துக்கொண்டே ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு போனான். அந்த விசில் கிருபாவதிக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று ஒரு பத்தி எழுதி, வேண்டாமென்று...

5

கதையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் டேப்பைச் சுருட்டிக்கொண்டே புளியமரத்தடிக்குப் போன கிருபாவதி, சும்மா காலால் செடியை விலக்கினாள்.

அடியில் வெளுத்த தார். தார்மேல் புதிதாக இரண்டு கறுப்புக் கோடு. ரப்பர் தேய்ந்த கோடு. செடிமேல் வழுக்கிய டயர் தார்மேல் எப்படிக் கோடு போடும்?

"அந்தப் பக்கம் அப்பறம் பரப்புனதுங்க அம்மணி," என்றாள் மாசாணியம்மாள். "நீங்க உள்ள பேசீட்டு இருந்தீங்களா, வர்ற பஸ்ஸு மிதிக்கட்டும்னு போட்டுட்டேன்."

கோடு எட்டு மீட்டரில் முடிந்தது. எட்டு மீட்டர் வெறும் தார், பன்னிரண்டு மீட்டர் செடி. தாருக்கு நூற்றுப் பன்னிரண்டும் செடிக்கு எண்பத்து நான்கும் சேர்ந்து நூற்றுத் தொண்ணூற்றாறு. பதினான்கின் வர்க்கம். இவ்வளவு அழகாக ஒரு விடை அவளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட வந்ததில்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்.

அறுபது இல்லை. நாற்பத்தைந்துக்குள்ளும் இல்லை.

6

ஒரு முடிவில் அவள் செடியைக் காலாலேயே மூடிவிட்டு வந்து, நாற்பத்திரண்டரைதான் என்கிறாள். எழுதிப் பார்த்தேன். பொய் சொல்கிற அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றில் ஐம்பது என்று சொல்லிவிடுகிறாள். அடுத்த வாரம் இருவரும் பஸ்ஸில் போகிறார்கள், என்னைப் போல ஒரு கிழவி முன்சீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதிலும் அவள் குரல் வரவில்லை. எத்தனை நாள் காத்திருந்தும் கேட்டது அவனுடையது ஒன்றுதான். டிக்கியைச் சாத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை விரலில் சுற்றியபடி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். கேட்டதை எழுதிவிடுகிறேன், பதில் உங்கள் காதில் விழுந்தால் உங்களுடையது.

"என்ன டீச்சர், மறுக்கா எதையோ எழுதற? பேப்பர்ல என்ன வந்துதோ அதையே சொல்லு. சாவிய எம் பாக்கெட்டுல போடறதா, உமர் பாரூக் பாக்கெட்டுல போடறதான்னு எனக்குத் தெரியோணும்."