நிற்காமல் போன முதல் ரயில்

புதிதாகப் போட்ட பாதையில் வரும் முதல் ரயிலிலேயே உன்னை உன் அம்மாவிடம் அனுப்புகிறேன் என்று கொடிக்காரன் தன் பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மாட்டுவண்டியில் இரண்டு நாள் வழி. ரயிலில் மூன்றே மணி நேரமாம். மாமியார் படுத்த படுக்கையாகி ஒரு மாதம். இரண்டு முறை ஆள் வந்து சொல்லியும், "இதோ ரயிலே வந்துடப் போகுது, வண்டியில போய் இடுப்பொடிவானேன்" என்று அவன்தான் அவளை நிறுத்தி வைத்தான்.

அன்று காலையிலேயே அவள் மூட்டையோடு வந்து, சுண்ணாம்பு வாடை போகாத நிலையத்தில் உட்கார்ந்துவிட்டாள். சற்றுப் பொறுத்து ஸ்டேஷன் மாஸ்டர் தந்திக் காகிதத்தோடு வெளியே வந்து அவனைத் தனியே அழைத்தார்.

"வண்டி இங்க நிக்காதாம்ப்பா. பெரிய மனுஷங்க வர்றாங்க. பச்சையக் காட்டி அனுப்பிடு."

"என் சம்சாரம் காத்திருக்காய்யா. அவ அம்மா..."

"தெரியும். நான் என்ன பண்ணட்டும்? அடுத்த வாரத்துலேருந்துதான் டிக்கெட்."

அவன் போய்ச் சொன்னான். அவள் அவன் கக்கத்தில் இருந்த கொடிகளைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட சிவப்புக் கொடியும் இருக்குல்ல?"

"காட்டினா வேலை போயிடும்."

"ஒரு நிமிஷம் நின்னாப் போதுங்க. ஏறிக்கிறேன்."

"ஜெயில்ல போட்டுடுவாங்கடி."

அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

புகையைக் கக்கிக்கொண்டு வண்டி வந்தது. நிலையத்தை நெருங்கியதும் வேகம் தணிந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி அவன் கையைப் பார்த்தார். அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். கொடிக்காரன் பச்சையைத் தூக்கினான்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு அவள் தண்டவாளத்தில் இறங்கி, அது போன திக்கிலேயே நடக்கத் தொடங்கினாள். திரும்பி வரும் வண்டிக்கும் அவன் கொடி காட்ட வேண்டியிருந்தது. இருந்த இடத்திலிருந்தே இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான்.

வழியில் யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டும், மீதியை நடந்தும், மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் அம்மா அடங்கினாளாம். கடைசி வரை நினைவு தப்பவில்லை. மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

பன்னிரண்டு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். சண்டை போடவில்லை. அடுப்பை மூட்டினாள், சோறு போட்டாள். ஒழுங்காக வேலை பார்த்ததற்காகத் தலைமை அலுவலகம் தந்த பாஸை அவன் தயங்கித் தயங்கி அவள் முன் வைத்தான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் இலவசம். எப்ப வேணும்னாலும் உங்க ஊருக்குப் போகலாம்."

"யாரைப் பார்க்க?" என்று கேட்டுவிட்டு, அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.