ஷாஃப்ட்ல இறங்காத நெஞ்சு

என் வீட்டுக்காரர் ஏனோக்குக்கு மூணு வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்துச்சு. நெஞ்சைப் புடிச்சுக்கினு வாசல்ல சாஞ்சாரு. ஊரிகத்துல எங்க சுரங்கக் கம்பெனி லைன் வீடு மொத்தமும் ஓடி வந்துச்சு. எங்க லைன் பையன் லாய்டு தன் ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு பறந்தான். ஸ்டென்ட் வெச்சு அனுப்பினாங்க. அதுலேர்ந்து மனுஷன் ஏப்பம் விட்டாலும் ஈ.சி.ஜி.தான். இருக்கட்டும், நல்லது.

எனக்கு வந்தது வேற மாதிரி. நெஞ்சு வலிக்கவே இல்ல. ஒரு வாரமா தாடையில வலி. முதுகுல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்துற மாதிரி இருந்துச்சு. பெங்களூர் ரயிலைப் புடிக்க ஸ்டேஷன் படி ஏறினா பாதியில மூச்சு வாங்கும். கார்மென்ட்ஸ்ல மிஷின் முன்னாடி உக்காந்தா குமட்டும்.

"அது கேஸ், பாக்கியம்"ன்னாரு ஏனோக்.

"உங்களுக்கு வந்தா ஹார்ட்டு, எனக்கு வந்தா கேஸா?"

"நான் சுரங்கத்துல, ஷாஃப்ட்ல இறங்குனவன். கல்லுத் தூசியைத் தின்ன நெஞ்சு இது. நீ கீழ எந்த லெவல்ல வேலை செஞ்ச?"

எங்க ஊரு புத்தி இதான். தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நெஞ்சு வியாதின்னா இரும்புக் கேஜ்ல ஏறிச் சுரங்கத்துக்குக் கீழ போன ஆம்பளைங்க சொத்துன்னே நெனப்பு. பக்கத்து வீட்டு துரை அண்ணன் சம்சாரம் பார்வதம்மா, போன ஆடியில பாத்திரம் தேய்ச்சுக்கினே சாஞ்சவ அப்படியே செத்துப் போயிட்டா. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அவளுக்கும் கேஸுதான்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது தலை பின்னக் கையைத் தூக்க முடியல. ஜில்லுன்னு வேர்த்துச்சு. ஏனோக் சோடாவைத் தொறந்து நீட்டினாரு.

"பார்வதம்மாவுக்கும் இதானே குடுத்தாங்க?"ன்னு கேட்டுட்டு, நானே வெளிய வந்து லாய்டைக் கூப்பிட்டேன். இவரு சோடா பாட்டிலோடவே ஆட்டோல ஏறினாரு. கர்மம்.

கிளினிக்ல சின்ன வயசு டாக்டர். என் பக்கம் திரும்பாம இவரைக் கேக்குறாரு: "அம்மாவுக்கு டென்ஷன் ஜாஸ்தியா? இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் இருக்கும். மாத்திரை தரேன்." இவரும் தலையை ஆட்டுறாரு!

"வாய் என்கிட்ட கீது, அவர்கிட்ட இன்னா கேள்வி?"ன்னு சொல்லிட்டு நேரா கட்டில்ல ஏறிப் படுத்துக்கினேன். "ஆம்பளை வந்தா மட்டும் உடனே ஒயரை மாட்டுறீங்க இல்ல? எனக்கும் மாட்டுங்க."

நர்ஸ் மமதா மாட்டினா. டாக்டர் பேப்பரைப் பாத்தாரு. "பெருசா ஒண்ணும் இல்லம்மா. எழுந்திரிங்க."

"வலி போகலியே. மறுபடியும் எடுங்க. ரத்தத்தையும் பாருங்க."

"வெளிய பேஷன்ட் வெயிட் பண்றாங்க."

"பண்ணட்டும். நான் எழுந்திரிக்க மாட்டேன். போலீஸைக் கூப்பிடுங்க போங்க!"

"பாக்கியம், மானத்தை வாங்காதே"ன்னு ஏனோக் கெஞ்சினாரு. மானமாம்! செத்துடுவேனோன்னு இருக்கு எனக்கு. அந்தப் பயத்துலதான் அப்படிக் கத்தினேன்.

மமதா டாக்டரை ஒரு பார்வை பாத்துட்டு மறுபடியும் எடுத்தா. இந்த வாட்டி பேப்பர் வந்ததும் டாக்டர், "ஹார்ட் அட்டாக்தான்"ன்னு எழுந்துட்டாரு. அப்புறம் ஆம்புலன்ஸுக்கு போன் போடச் சொன்னாரு. "லேடீஸுக்குச் சில சமயம் தாடை, முதுகுன்னுதான் காட்டும்"ன்னாரு, மெதுவா.

"தெரிஞ்சுக்கினே மாத்திரை குடுத்து அனுப்பப் பாத்தீங்களா?"ன்னேன்.

கோலார்ல எனக்கும் ஸ்டென்ட் வெச்சாங்க. வீட்டுக்கு வந்ததும் லைனே பாக்க வந்துச்சு. "கீழ இறங்காத பொம்பளைக்கு எப்படி வந்துச்சு?"ன்னு ஏனோக்கைக் கேக்குறாங்க. அவரு என்னைக் காட்டி, "அவளையே கேளுங்க"ன்னாரு.

துரை அண்ணன் கதவோரமா நின்னாரு. நான் கேட்டேன்: "அண்ணே, பார்வதம்மாவுக்குத் தாடை வலிச்சுதா?"

"பல்லு வலின்னா. கிராம்பு வெச்சுக்கச் சொன்னேன்"ன்னாரு. அப்புறம் துண்டை வாயில பொத்திக்கினு அப்படியே உக்காந்துட்டாரு.

அவ செத்த அன்னிக்கு இந்த லைன்ல எல்லாரும் சொன்னாங்க, படுக்கையில விழாம போயிட்டா, நல்ல சாவுன்னு. இனிமே எவனாவது என் முன்னாடி அப்படிச் சொல்லிப் பாக்கட்டும்.